கம்பெனிக்குள் சொல்வதும் ஊர் பேசுவதும்: நிறுவன நற்பெயர், ஓர் எளிய அறிமுகம்

நாகர்கோவிலில் புதிதாக ஒரு மருத்துவமனையோ நகைக்கடையோ திறந்தால் முதல் மாதம் விளம்பரப் பலகையைப் பார்த்துக் கூட்டம் வரும். இரண்டாம் மாதத்திலிருந்து வேறொரு கணக்கு ஓடத் தொடங்கும். "அங்க நம்ம செல்வி அக்கா மக வேலை பாக்கால்லா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்" என்பார்கள். அந்தப் பெண் "போங்க, நல்லாப் பாப்பாங்க" என்றால் போவார்கள். பதில் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கினால், வடசேரியில் நாற்பதடிக்குப் பலகை வைத்தும் பயனில்லை.

மேலாண்மைப் படிப்பில் இதை இரண்டு பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். வெளியில் இருப்பவர்கள் கம்பெனியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது நிறுவன நற்பெயர். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது, அவர்கள் சொல்வது யார் காதில் விழுகிறது என்பது உள்தகவல் தொடர்பு. பெரிய கம்பெனிகளில் முதலாவதை பி.ஆர். எனும் மக்கள் தொடர்புத் துறை பார்க்கும், இரண்டாவதை எச்.ஆர். எனும் மனிதவளத் துறை பார்க்கும். இரண்டு துறைகளும் வெவ்வேறு மாடியில் உட்கார்ந்திருக்கும், லிஃப்டில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்ளும். இப்படிப் பிரித்து வைத்ததுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பது என் எண்ணம். குமரி மாவட்டத்தில் அப்படிப் பிரிக்கவும் முடியாது. இங்கே பணியாளரின் மைத்துனர் உங்கள் வாடிக்கையாளராக இருப்பார், சித்தப்பா உங்களுக்குச் சரக்கு தருபவராக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியில் இருப்பார்.

இந்தத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும், இருபது முப்பது பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு கம்பெனிக்கு எத்தனை பெயர்?

நற்பெயர் என்பதைப் புகழ் என்று எடுத்துக்கொண்டால் தடம் மாறிப் போவோம். இந்த நிறுவனம் அடுத்த தடவை எப்படி நடந்துகொள்ளும் என்று மற்றவர்கள் மனதில் இருக்கும் எதிர்பார்ப்புதான் நற்பெயர். முன்னால் எப்படி நடந்தது என்பதை வைத்தே அந்த எதிர்பார்ப்பு உருவாகிறது. லோகோ, நிறம், விளம்பர வாசகம் எல்லாம் பிராண்ட் சார்ந்தவை. அவற்றைக் கம்பெனி தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நற்பெயரைத் தேர்ந்தெடுப்பது மற்றவர்கள்.

தக்கலைப் பக்கம் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வாங்கித் தின்பவர்களிடம் அதற்கு 'நல்ல தேங்காயெண்ணெய்ச் சரக்கு' என்று பெயர். வாழைக்குலை தரும் விவசாயிகளிடம் 'காசு வர ரெண்டு மாசம் ஆவும்' என்று பெயர். வங்கியில் 'தவணை தவறாதவர்'. பின்பக்கத்து வீடுகளில் 'சாயங்காலம் ஆனா புகை'. உள்ளே வேலை செய்யும் பெண்களிடம் 'சம்பளம் குறைவு, ஆனா மரியாதையா நடத்துவாங்க'. ஒரே கம்பெனிக்கு ஐந்து பெயர். முதலாளி தன் காதில் விழும் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, நமக்கு நல்ல பெயர் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இந்த ஐந்தும் தனித்தனியாக நிற்பதில்லை. விவசாயியின் மகள் பேக்கிங் பிரிவில் இருப்பாள். புகையைப் பற்றிப் புலம்பும் வீட்டில் ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பார். இந்த சிப்ஸைக் கடையில் முன்வரிசையில் தொங்கவிடுவதா பின்னால் போடுவதா என்று முடிவெடுப்பவர் அவர். ஓரிடத்தில் கெட்ட பெயர் அடுத்த இடத்துக்குப் போக அதிக நாள் எடுக்காது.

ஒரு தொழில் முழுவதற்கும் சேர்ந்தே ஒரு பெயர் இருப்பதும் உண்டு. மார்த்தாண்டம் தேன் நல்ல உதாரணம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணி இங்கே தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. ரப்பர் தோட்டங்களுக்குள் தேன்கூட்டுப் பெட்டி வைப்பது பல குடும்பங்களுக்குத் தொழிலானது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. யாரோ ஒருவர் சர்க்கரைப் பாகைக் கலந்து அதே பெயரில் விற்றால், பத்துப் பெட்டி வைத்துப் பிழைக்கும் வேறொருவரின் தேனையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், நாட்டில் விற்கும் பல பிராண்ட் தேன்களில் சர்க்கரைப் பாகு கலப்படம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. கம்பெனிகள் மறுத்தன. அதற்கு முன் 'எந்த பிராண்ட் நல்லது' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'பாட்டிலில் வரும் தேன் தேன்தானா' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மறைப்பதில் தொடங்கிய தொழில்

பி.ஆர். என்றாலே பூசி மெழுகுவது என்று நம்மில் பலருக்கு நினைப்பு. அந்த நினைப்புக்குக் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை அமெரிக்க ரயில்வே கம்பெனிகளுக்கு விபத்து நடந்தால் நிருபர்களைக் கிட்டே விடாத பழக்கம் இருந்தது. 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீருக்குள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, முன்னாள் பத்திரிகையாளர். நடந்ததைக் கம்பெனியே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க வைத்தார், நிருபர்களை இடத்துக்கு அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார். இன்று நாம் செய்திக்குறிப்பு என்று சொல்வதற்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். அதே லீ பிற்காலத்தில் ஜெர்மன் ரசாயனக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்து அதற்காக விசாரிக்கப்பட்டார். இந்தத் தொழிலின் இரண்டு முகமும் ஒரே ஆளிடம் இருந்தன.

டைலினால்: பாதியில் நிறுத்திச் சொல்லும் கதை

நற்பெயர் பற்றிய எந்த வகுப்பிலும் முதல் மணி நேரத்தில் டைலினால் வந்துவிடும். 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ கடைகளில் இருந்த டைலினால் என்ற வலி மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்துவிட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். கம்பெனியின் ஆலையில் தவறு நடக்கவில்லை. ஆனாலும் அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. சுமார் 10 கோடி டாலர் செலவு. பிறகு, திறந்தால் தெரிந்துவிடும்படியான மூடியோடு திரும்ப வந்தது, விட்ட சந்தையையும் பிடித்தது.

எல்லாரும் இதோடு நிறுத்தி, 'பாருங்கள், உண்மையைச் சொன்னதால் பிழைத்தார்கள்' என்பார்கள். எனக்கு இதற்கு முந்தைய பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் கம்பெனியில் 1943-இல் எழுதிய ஒரு கொள்கை அறிக்கை உண்டு. மருந்தைப் பயன்படுத்துபவர்களுக்குத்தான் முதல் பொறுப்பு, அடுத்து பணியாளர்களுக்கு, பிறகு சமூகத்துக்கு, கடைசியில்தான் பங்குதாரர்களுக்கு என்று அது வரிசைப்படுத்துகிறது. இப்படி ஒரு தாள் பல கம்பெனிகளின் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்கும், யாரும் படிப்பதில்லை. 1970களில் அங்கே தலைமைக்கு வந்த ஜேம்ஸ் பர்க், மேலாளர்களைக் கூட்டி வைத்து, 'இதை நாம் உண்மையிலேயே நம்புகிறோமா? இல்லையென்றால் கழற்றி எறிந்துவிடலாம்' என்று விவாதிக்க வைத்தார். கூட்டம் கூட்டமாக அந்த விவாதம் நடந்தது. ஆகவே 1982-இல் சிகாகோவிலிருந்து போன் வந்தபோது, யாருக்கு முதல் பொறுப்பு என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உள்தகவல் தொடர்பின் பலன் தெரிய இப்படிச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் பட்ஜெட் வெட்டும்போது அதில் முதலில் கை வைக்கிறார்கள்.

பின்னாளில் அதே கம்பெனி, டால்க் பவுடர் புற்றுநோய் உண்டாக்கியது என்று ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. 1982-இல் சம்பாதித்த பெயர் அந்த வழக்குகளில் கைகொடுக்கவில்லை.

நம் நாட்டுக் கதைக்கு மேகி போதும். 2015-இல் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சர்ச்சை கிளம்பியது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே தரப்பு தொடக்கத்தில், 'எங்கள் பொருள் பாதுகாப்பானது' என்ற சுருக்கமான அறிக்கைகளோடு நின்றது. ஜூன் 5 அன்று தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது, தமிழகமும் தடை செய்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மறுபரிசோதனைக்குப் பிறகு நவம்பரில் மேகி கடைக்கு வந்தது. ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 'நம் பக்கம் நியாயம் இருக்கிறது, அது போதும்' என்று காத்திருப்பவர்களுக்கு இது பாடம். அம்மாமார்கள் கேட்டது ஈயம் எத்தனை பி.பி.எம். என்பதை அல்ல. 'நேத்து பிள்ளைக்குக் குடுத்தேனே, ஒண்ணும் ஆவாதுல்லா?' என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் வர நாளானது.

உள்ளே எழுதியது வெளியே வரும்

2017 ஏப்ரல் 9 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் தன் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு பயணியைக் காவலர்கள் இழுத்துச் சென்றார்கள். வீடியோ உலகம் முழுக்கப் போனது. மறுநாள் அதன் தலைவர் வெளியே ஒரு வருத்த அறிக்கை விட்டார். அதே நாளில் பணியாளர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினார். பயணிதான் முரண்டு பிடித்தார், நம் ஊழியர்கள் விதிப்படி நடந்தார்கள், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன் என்ற தொனியில் அந்தக் கடிதம் இருந்தது. சில மணி நேரத்தில் அதுவும் செய்தியானது. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஊருக்கு முதல் அறிக்கையிலும் நம்பிக்கை போனது. அதற்கடுத்த நாள் முழு மன்னிப்பு கேட்க வேண்டி வந்தது.

பணியாளர்களுக்கு ஆதரவாக நின்றது தவறென்று நான் சொல்லமாட்டேன். அதை வெளியே சொல்ல முடியாத வார்த்தைகளில் சொன்னார், அதுதான் சிக்கல். எனவே எளிய சோதனை ஒன்று: பணியாளர்களுக்கு அனுப்பும் எந்தச் செய்தியையும், நாளை காலை பேப்பரில் உங்கள் படத்தோடு வருவதாக நினைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கூசினால் திருத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது துரோகம் என்று திட்டி எந்தப் பயனும் இல்லை. குமரியில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார் என்று சொல்லும் அளவுக்கு ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தக்கலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் குளச்சலுக்குப் போவதற்கு முன் துபாய்க்குப் போய்த் திரும்பி வந்துவிடும்.

கீழிருந்து மேலே

உள்தகவல் மூன்று திசையில் ஓடும். மேலிருந்து கீழே: சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை, கூட்டம். பக்கவாட்டில்: விற்பனைப் பிரிவுக்குத் தெரிந்தது உற்பத்திப் பிரிவுக்கும் தெரிவது. இவை இரண்டையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், கடினமும் இல்லை. மூன்றாவதான கீழிருந்து மேலே போகும் தகவலில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

நம் சிப்ஸ் கம்பெனியில் எண்ணெய் கெட்டுப்போனது முதலில் யாருக்குத் தெரியும்? அடுப்படியில் நிற்பவருக்கு. நிறத்திலும் நுரையிலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளர் முதலாளியிடம் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் முதலாளியின் மச்சினர் என்றால்? 'எண்ணெய் வாங்குற பொறுப்பு அவருக்குல்லா, அவரிட்டயே போய் எண்ணெய் கெட்டுன்னு எப்படிச் சொல்ல?' என்று அடுப்படிக்காரர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் வீட்டில் சொல்வார். டீக்கடையில் சொல்வார். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்திருக்கும், முதலாளியைத் தவிர.

குடும்ப நிறுவனங்கள் நிறைந்த நம் பகுதியில் இதுதான் நற்பெயருக்கு முதல் எதிரி. புகார்ப் பெட்டி வைத்தால் தீராது. அந்தப் பெட்டியின் சாவி மச்சினரிடமே இருந்தால் யார் சீட்டு போடுவார்கள்? முதலாளியே வாரம் ஒருமுறை, மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல், அடுப்படியில் நின்று பேச வேண்டும். யாராவது ஒரு குறை சொன்னால், சொன்னவர் பெயரை வெளியே விடாமல் அதைச் சரிசெய்து, 'இந்தக் குறை வந்தது, இப்படிச் சரிசெய்தோம்' என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். முதல் குறை என்ன ஆனது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது ஆள் வாய் திறப்பார்.

அடுத்தது, செய்தி போய்ச் சேரும் வழி. குமரியின் மேற்குப் பகுதிகளில் முந்திரி ஆலையை 'அண்டி ஆபீஸ்' என்பார்கள். பெயரில்தான் ஆபீஸ். பருப்பு உடைக்கவும் தோல் உரிக்கவும் உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாருக்கும் கம்பெனி மின்னஞ்சல் கிடையாது. உடைக்கும் எடைக்குக் கூலி என்பதால் எழுந்து போய் அறிவிப்புப் பலகை படிக்க நேரமும் இருக்காது. அங்கே செய்தி சொல்லச் சரியான நேரம் கூலி கொடுக்கும் நேரம், சரியான வழி வாய்ப்பேச்சு. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் வேலையைத் தொடங்கிவிடுவார். பதினோரு மணிக் கூட்டத்துக்கு அவர் இருக்கமாட்டார். கட்டட வேலையிலும் ஹோட்டல்களிலும் வட மாநிலத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களிடம் தமிழில் ஒட்டிய பாதுகாப்பு அறிவிப்பு வெறும் சுவர்த்தாள். நாகர்கோவிலில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனங்களில் பிரச்சினை தலைகீழ்: ஏழெட்டு வாட்ஸாப் குரூப், இரண்டு ஆப், தினம் இருபது மெயில். எது முக்கியம் என்றே தெரியாமல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

கெட்ட செய்தியைச் சொல்வது

முந்திரி ஆலைகள் இறக்குமதிக் கொட்டையை நம்பி ஓடுபவை. ஆப்பிரிக்காவில் விலை ஏறினால், கப்பல் தாமதமானால், இங்கே வேலை நாள் குறையும். முதலாளிக்கு இது சில வாரம் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் 'இப்பவே சொன்னா ஆளு வேற ஆபீசுக்குப் போயிடும்' என்று மறைப்பார். கொட்டை மூட்டை குறைவதைப் பார்த்த பெண்கள் தாங்களே ஒரு கதை கட்டுவார்கள்: 'ஆபீசைப் பூட்டப் போறாங்களாம், பி.எஃப். பணத்தையும் தரமாட்டாங்களாம்.' பத்து நாள் வேலையில்லாத நிலைமை இப்படித்தான் நிரந்தர மூடுவிழா ஆகிறது. நல்ல வேலைக்காரிகள் முதலில் போய்விடுவார்கள். முதலாளி எதைத் தடுக்க மறைத்தாரோ அதுவே நடக்கும். 'அடுத்த மாதம் பத்து நாள் வேலை இருக்காது, இன்ன தேதிக்குக் கொட்டை வரும், அதுவரை முன்பணம் வேண்டுபவர்கள் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டால் முணுமுணுப்பு இருக்கும், ஆனால் கதை இருக்காது.

ஆளைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் அதைச் சொல்லும் விதத்தை ஊர் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். அமெரிக்காவில் பெட்டர் டாட் காம் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் தலைவர் 2021 டிசம்பரில் ஒரு சூம் அழைப்பில், 'இந்த அழைப்பில் இருப்பவர்களுக்கு இன்றோடு வேலை இல்லை' என்று சுமார் 900 பேரிடம் சில நிமிடங்களில் சொல்லி முடித்தார். அந்தப் பதிவும் வெளியே வந்தது. மன்னிப்பு கேட்டுச் சில வாரம் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். ஆட்குறைப்பு செய்த நிறுவனங்கள் அந்த ஆண்டில் பல உண்டு. பெயர் சொல்லி நினைவிருப்பது இது ஒன்றுதான்.

தகவல் வராத இடத்தில் என்ன ஆகும் என்பதைக் குமரிக் கடற்கரை கம்பெனிகளை விடக் கொடுமையாக அறிந்திருக்கிறது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதிகளின் ஆழ்கடல் படகுகள் வெகு தொலைவில் இருந்தன. கரையில் வந்த எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. பிறகு எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண்ணிக்கையும் ஊர்களின் எண்ணிக்கையும் பல நாள் ஒத்துப்போகவில்லை. தேவாலயப் பங்குகளில் வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். மக்கள் அந்தப் பட்டியலை நம்பினார்கள். அதில் பெயர்கள் இருந்தன, யாரைக் காணோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருந்தார்கள். ஒரு பேரிடரைத் தொழில் பாடமாகச் சுருக்குவது எனக்கு உவப்பில்லை. ஆனால் நெருக்கடி நேரத் தகவல் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் இதைப் பார்க்காமல் போவது அதைவிட மோசம். எண்ணிக்கையை மட்டும் சொல்லும் அதிகாரியைவிடப் பெயரைச் சொல்பவரை ஊர் நம்பும்.

ஒரு வீடியோ, இரண்டு பதில்கள்

நம் சிப்ஸ் கம்பெனிக்குத் திரும்புவோம். ஒரு காலையில் அதன் பாக்கெட்டுக்குள் பல்லி கிடப்பதாக வீடியோ சுற்றுகிறது. வழக்கமாகப் பணியாளர் குரூப்பில் வரும் செய்தி இப்படி இருக்கும்:

"நமது நிறுவனத்தின் வளர்ச்சியைப் பொறுக்காத சில விஷமிகள் பரப்பும் பொய்யை யாரும் நம்ப வேண்டாம். இதுபற்றி வெளியில் பேசுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். – நிர்வாகம்."

இதைப் படித்ததும் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் முடிவு செய்துவிடுவார்கள்: பல்லி உண்மைதான். இப்போது வேறு மாதிரி:

"காலையிலிருந்து ஒரு வீடியோ வருகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் தெரியும் பேட்ச் எண் நம்முடையது. 12-ஆம் தேதி பொரித்த சரக்கு. பல்லி எப்போது விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை. அந்த பேட்ச் முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கிறோம். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நாமே சொல்லிவிட்டோம். யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள். பத்திரிகை, டிவியிலிருந்து வந்தால் மேலாளர் எண்ணைக் கொடுங்கள். 12-ஆம் தேதி வேலையில் இருந்தவர்கள் எதையாவது கவனித்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள்; சொன்னதற்காக யாருக்கும் வேலை போகாது. மாலை 5 மணிக்கு மறுபடி எழுதுகிறேன்."

இரண்டாவதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெரிந்தது, தெரியாதது, செய்துகொண்டிருப்பது, அடுத்த செய்தி வரும் நேரம். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருப்பது முக்கியம். மூன்று நாள் கழித்து வேறு உண்மை வந்தாலும் முந்தைய வார்த்தையை விழுங்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணி என்று சொன்னால் ஐந்து மணிக்கு எழுத வேண்டும், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 'புதிதாக இல்லை' என்றாவது. பணியாளர்களுக்கு இது போவது, கம்பெனியின் முகநூல் பக்கத்தில் அறிக்கை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அல்லது அதே நேரத்தில். சரக்கு வண்டி ஓட்டுபவர் இன்று பத்துக் கடை ஏறி இறங்குவார். கடைக்காரர்கள் முதலில் கேட்கப்போவது அவரைத்தான். அவருக்கு எதுவும் தெரியாவிட்டால் 'எனக்கென்ன தெரியும், அவங்களே ஒளிச்சு வச்சிருக்காங்க' என்பார். இதைவிடக் கெட்ட விளம்பரம் இல்லை.

இந்தச் செய்தி பொய்யாக இருந்தால் மட்டும் இந்த வித்தை வேலை செய்யாது. பேட்சை உண்மையிலேயே திரும்ப எடுக்க வேண்டும். உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதற்கு 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளே இருக்கின்றன. உற்பத்தியாளர் முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் கேட்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். மூத்த பெண் பணியாளர் தலைமை, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். குழுவில் யார் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பத்து என்பது மிகச் சிறிய எண். ஒரு துணிக்கடை, ஒரு ஸ்கேன் சென்டர் கூட இதில் வந்துவிடும். இந்தத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே அந்த இடத்தின் உள்தகவல் லட்சணம் ஓரளவு தெரிந்துவிடும்.

பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் கூடுதலாக வரும். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியை நினைத்த நேரத்தில் நினைத்தவரிடம் சொல்ல முடியாது, சந்தைக்கு முறைப்படி சொல்ல வேண்டும். 2024 ஜூன் 1 முதல் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களும், டிசம்பர் 1 முதல் முதல் 250 நிறுவனங்களும், பங்கு விலையைப் பெரிதாக அசைத்த வதந்தி ஊடகத்தில் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆம், இல்லை என்று விளக்கம் தர வேண்டும். மௌனம் சாதிப்பது இனி அந்த நிறுவனங்களின் விருப்பம் இல்லை. பட்டியலிட்ட நிறுவனங்களில் பயமின்றி முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டமும் சொல்கிறது.

பெயரை எப்படி அளப்பது

பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துக் கருத்துக்கணிப்பு நடத்தும். நாற்பது பேர் கம்பெனிக்கு அது தேவையில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் ஒரு டீ குடித்தபடி பேசினால் பாதி தெரியும். போகிறவருக்கு மறைக்கக் காரணம் இல்லை. காலியிடம் என்று சொன்னால் இப்போதைய பணியாளர்கள் தங்கள் தங்கச்சியையோ அண்ணன் மகனையோ கூட்டி வருகிறார்களா என்று பாருங்கள். கேட்டுக் கணக்கெடுக்கும் எந்த மதிப்பெண்ணையும் விட அது நம்பகமானது.

கூகுள் நட்சத்திரங்கள் வேறு கதை. 'ஐந்து நட்சத்திரம் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று சீட்டு வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கிறோம். இணைய விமர்சனங்களுக்கென்று 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கும் விமர்சனம் அதற்கு ஆகாது. தரநிலையை விடுங்கள், அந்தக் கடையில் பில் போடும் பிள்ளைக்கு அது வாங்கிய நட்சத்திரம் என்று தெரியும். ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர் திட்டியிருந்தால் அதன் கீழே வழக்கமான நன்றிப் பல்லவியை ஒட்டாமல், அந்த நாளில் என்ன நடந்தது என்று விசாரித்து, விசாரித்ததில் தெரிந்ததை இரண்டு வரியில் எழுதுங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யலாம். உங்கள் கம்பெனியில் வண்டி ஓட்டுபவர், காவலாளி, போன் எடுப்பவர் மூவரிடமும் தனித்தனியாக, 'நம்மளைப் பத்தி வெளியில என்ன கேக்காங்க, நீங்க என்ன சொல்லுதிய?' என்று கேளுங்கள். மூன்று பதிலும் மூன்று விதமாக இருந்தால், செய்திக்குறிப்பு எழுத ஆள் தேடுவதை ஒத்திவைத்துவிட்டு அந்த மூவருக்கும் ஒரே உண்மையைச் சொல்லும் வேலையைப் பாருங்கள்.